நிலத்தை விற்று திருப்பூரில் சைட் வாங்கலாமா?

கேள்வி: தர்மபுரி பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் மானாவாரி நிலம். போர் போட 3 வட்டிக்கு 2 லட்சம் வாங்கினோம், தண்ணீர் வரவில்லை. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் 4 வருடமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். மாதம் 8,000 அனுப்பியும் கடன் குறையவில்லை. நிலத்தை விற்று அடைத்துவிட்டு, மிச்சத்தில் இங்கே சைட் வாங்கலாம் என்கிறார் கணவர். என்னிடம் 5 பவுன் நகை இருக்கிறது.

பதில்: நிலத்தை இப்போது தொடாதீர்கள். 3 வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். நீங்கள் அனுப்பும் 8,000-ல் 6,000 வட்டிக்கே போகிறது. மீதி 2,000-ல்தான் மாமியார் பிள்ளைகளுக்குப் பார்க்கிறார். 4 வருடத்தில் 2,88,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது. கடனோடு ஊரைவிட்டு வருகிற பலருக்கும் இதே கதைதான்: இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தாலும் ஊரில் ஒரு செங்கல் ஏறாது.

நகையை வைக்க மனசு வராது, தெரியும். ஆனாலும் வங்கியில் அடகு வைத்து, வட்டிக்காரரின் கடனை அடைத்துவிடுங்கள். வங்கி வட்டி 10 சதவீதம் என்றே வைத்தாலும், அதே 6,000-ஐ மாதாமாதம் கட்டினால் மூன்றேகால் வருடத்தில் கடனும் முடியும், நகையும் திரும்பும். நகைக்கடனை வருடா வருடம் புதுப்பிக்க மறக்காதீர்கள். வட்டிக்காரரிடம் பணம் கொடுக்கும்போது புரோநோட்டையும், கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் இருந்தால் அதையும் கையில் வாங்கிக்கொண்டுதான் பணத்தை நீட்ட வேண்டும்.

சைட் விஷயம். வீடு கட்டும்வரை லைன் வீட்டு வாடகை எப்படியும் போகும். இங்கே வேலை எப்போது குறையும் என்றும் சொல்ல முடியாது. 2020 ஊரடங்கில் ஊரில் இடம் இருந்தவர்களுக்குப் போக்கிடமாவது இருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடன் முடியும்வரை நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். நீங்களே பயிர் வைத்தால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேளுங்கள். தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை.

அப்புறம், சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனி மாறினாலும் பழைய யுஏஎன் (பிஎஃப் கணக்குக்கான நிரந்தர எண்) எண்ணையே கொடுங்கள். மாறும்போதெல்லாம் மொத்தத்தையும் எடுத்துவிட்டால், பென்ஷனுக்கு வேண்டிய 10 வருடக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.