கையில் காசு குறைவாக இருக்கும்போது ஆராய்ச்சி நூலகங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

எதை முதலில் காப்பாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டு, மீதிக்குக் கூட்டாளி தேடுவார்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையே பாருங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் 1992இல் அவர் இறந்ததும் திசைக்கொன்றாகப் போயிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அருமையான முடிவு அது.

ஆனால் வாங்குவதைவிடக் காப்பதுதான் செலவு. மரக்கூழில் செய்த பழைய தாளில் அமிலம் இருக்கும், பழுத்துப்போய், ஓரத்தை மடக்கினாலே ஒடிந்து கையோடு வரும். அதற்கு மெல்லிய ஜப்பானியத் தாளைப் பசை தடவி ஒவ்வொரு பக்கமாக ஒட்ட வேண்டும், அவ்வளவு பொறுமையான கைவேலை! எல்லா நூலுக்கும் இது கட்டுப்படியாகாது. அதனால் முதலில் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படச்சுருளில் எடுப்பது) அல்லது ஸ்கேன், அப்புறம் மூலத்தைக் குளிர்ந்த அறையில் வைத்துவிடுவது. வேறு நூலகம் ஏற்கெனவே படமெடுத்த நூலா என்று பார்த்துக்கொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

நன்கொடையாளர்கள் ஸ்கேன் திட்டத்துக்குத் தருவார்கள், கரண்ட் பில்லுக்கும் சம்பளத்துக்கும் தர மாட்டார்கள். நூலகங்கள் திண்டாடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆய்விதழ்ச் சந்தா தனிக்கதை. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டி அரசு நிறுவனங்களின் சுமையைக் குறைக்கிறது. தனியார் அறக்கட்டளை நூலகங்களையும் அதில் சேர்க்க வேண்டும்.