பிக்கப்பின் பின் கண்ணாடி ஒழுகுகிறதா? மேலே உள்ள லைட்டையும் பாருங்கள்

மழை பெய்தால் பின் சீட்டுக்கு அடியில் ஈரம், கண்ணாடியைக் கழற்றி ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பல பிக்கப்களில் ஒழுகுவது கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் கேஸ்கெட், அதாவது தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டை. அது நைந்துபோனால் தண்ணீர் கண்ணாடியின் உள்பக்கமாகவே வழிந்து இறங்கும், பழி கண்ணாடிமேல் விழும்.

ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். வெளியே ஹோஸில் மெதுவாக, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாமே நனைந்து குழப்பிவிடும். நகரும் கண்ணாடி என்றால் கீழ்த்தடத்தின் வடிகால் துளைகளில் அடைத்த மண்ணை எடுங்கள். லைட்டுதான் என்றால் புது கேஸ்கெட் போதும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ஒட்டு விட்டிருந்தால் அதை எடுத்து, யூரித்தேன் என்ற கண்ணாடிப் பசையால் ஒட்ட வேண்டும். வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கோனை மட்டும் தயவுசெய்து பூசாதீர்கள். தகடு துருப்பிடிக்கும், அப்புறம் யூரித்தேனும் அங்கே சரியாகப் பிடிக்காது.