சிக்லிட் மீன்களை வீட்டில் இனப்பெருக்கம் செய்ய நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஜோடியாக வாங்காதீர்கள். குஞ்சுகளாக வாங்கி வளர்த்து, அவை தாமாகவே ஜோடி சேரும்வரை காத்திருங்கள். பதில் இவ்வளவுதான், அவசரக்காரர்கள் இத்துடன் போகலாம். மீதியெல்லாம் என் ஆற்றாமை.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. தொட்டியில் இரண்டு மூன்று ஏஞ்சல் மீன்கள் இருக்கும், அவையும் சிக்லிட் குடும்பம்தான். ஒருநாள் ஃபில்டர் குழாயின் மேல் வரிசையாக முட்டைகள் ஒட்டியிருப்பதைப் பார்த்து, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டியிருப்பீர்கள். மறுநாள் அவை வெளுத்திருக்கும். அதற்கடுத்த நாள் குழாயில் ஒன்றுகூட இருக்காது. 'இந்த மீன்கள் தேறாது, முட்டையிட்டுப் பழகிய ஜோடி ஒன்றை வாங்கிவிடலாம்' என்று அப்போதுதான் தோன்றியிருக்கும்.

சற்று யோசியுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிட்டு, ஒழுங்காகக் குஞ்சு வளர்க்கிற ஜோடியை யார் விற்பார்? தொட்டிகளைக் கலைப்பவர் விற்கலாம், வீடு மாறுபவர் விற்கலாம், மறுக்கவில்லை. மற்றபடி நம் கைக்கு வந்து சேர்வது வயதாகி ஓய்ந்த ஜோடி, முட்டையைத் தின்றே பழகிய ஜோடி, அல்லது ஜோடியே அல்லாத ஜோடி.

மூன்றாவது வகையை நேரிலேயே பார்த்தேன். ஒருவர் தம்மிடமிருந்த ஏஞ்சல் ஜோடியை விற்க என்னை அழைத்திருந்தார். சான்றாக, அந்த நேரத்திலேயே மீன்கள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தொட்டியில் சாய்த்து வைத்த கற்பலகையின் மேல் ஒரு மீன் வயிற்றை ஒட்டியபடி கீழிருந்து மேலே ஊர்ந்து ஒரு வரிசை முட்டைகளை இட்டது. அது விலகியதும் இரண்டாவது மீன் அதே வரிசையின் மேல் ஊர்ந்தது. வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் அங்கேயே பணத்தை எடுத்திருப்பார். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏஞ்சல் மீனில் ஆண் எது பெண் எது என்பதை நிறத்தையோ நெற்றி மேட்டையோ பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. நம்பகமாகத் தெரிவது முட்டையிடும் வேளையில் மட்டும்தான். அப்போது வயிற்றுக்கடியில் ஒரு சிறு குழல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு அது தடித்து, முனை மழுங்கி இருக்கும். ஆணுக்கு மெல்லியதாக, கூராக இருக்கும். அன்று நான் பார்த்த இரண்டு குழல்களும் தடித்தவை, மழுங்கியவை. இரண்டாவது மீன் ஊர்ந்து போன தடத்தில் முட்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு பெருகின. ஒரு மீன் இடக்கூடியதைவிடப் பலகையில் முட்டைகள் அதிகம். "பார்த்தீர்களா, எவ்வளவு முட்டை!" என்று அவர் பூரித்துப் போனார். "ஐயா, இரண்டும் பெண்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் அத்தனையும் வெள்ளை. கருவுற்ற முட்டை இளம் பழுப்பில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கருவுறாதது ஒரே நாளில் சுண்ணாம்பாக வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். அவரோ தண்ணீரில் கோளாறு என்று சாதித்தார். ஆண் இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் சேர்ந்து இப்படிக் குடித்தனம் நடத்துவது ஏஞ்சலில் சாதாரணம். அந்த 'ஜோடி' பிறகு வேறொருவருக்கு விற்றுப்போனது என்று கேள்விப்பட்டேன். வாங்கியவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் தண்ணீரில் ஒன்றுமில்லை.

அதன் பிறகு வேறொரு வளர்ப்பாளரிடம் போனேன். அவர் விற்கும் மீன்களைக் காட்டுவதற்கு முன்னால், அவற்றைப் பெற்ற தாய்மீன்களை, அதாவது இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருக்கும் ஆண் பெண் மீன்களை, காட்டினார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பெற்றோரைக் காட்டத் தயங்குபவரிடம் எதையும் வாங்காதீர்கள். பெற்றோரிடம் என்ன பார்ப்பது? வால் நீளத்தையும் நிறத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது செவுள் மூடியை. அது குறுகியோ வெளிப்புறம் சுருண்டோ இருந்து உள்ளே சிவப்புத் தெரிந்தால் வேண்டாம். குஞ்சுப் பருவத்துத் தண்ணீர் கெட்டிருந்ததால் வந்த குறையா, பரம்பரைக் குறையா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. எதற்கு வம்பு? அடுத்தது கண். உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெரிதாகத் தெரிந்தால் அது வளர்ச்சி குன்றிய மீன். உடம்பு நின்றுவிடும், கண் நிற்பதில்லை. டிஸ்கஸ் என்ற வட்டத்தட்டு போன்ற சிக்லிட்டில், இளம் மீன் என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பல இப்படிக் குன்றிப்போன கிழங்கள்தான்.

குஞ்சு வாங்கும்போது கூட்டத்தில் பெரியதாக இருப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பல சிக்லிட் இனங்களில் ஆண்கள்தான் வேகமாக வளர்கின்றன. பெரியவையாகவே எடுத்தால் வீட்டில் ஓர் ஆண்கள் விடுதி உருவாகும். குறையற்ற நடுத்தர அளவு மீன்களையும் சேர்த்து ஆறு முதல் எட்டு வரை எடுங்கள். முடிந்தால் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு இடங்களிலிருந்து பாதிப் பாதியாக எடுங்கள். உடன்பிறந்தவற்றை ஒரு தலைமுறை சேர்த்தால் குடி முழுகிவிடாது. அதையே தலைமுறை தலைமுறையாகச் செய்தால் முட்டை குறையும், கோணல் குஞ்சுகள் கூடும்.

ஏஞ்சல் எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களில் பருவத்துக்கு வரும். ஜோடி சேர்ந்துவிட்டதை யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இரண்டு மீன்கள் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அண்ட விடாமல் விரட்டும். என் தொட்டியில் ஓர் அகன்ற இலையை இரண்டும் மாறி மாறி வாயால் கொத்திச் சுத்தம் செய்தன. பாசியின் பொடிப் புள்ளி ஒன்றை ஆண் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. முட்டை பொரிந்தபின் குஞ்சுகள் தலையில் சுரக்கும் பசையால் இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். ஒன்று கழன்று விழுந்தால் தாய் பாய்ந்து வாயில் கவ்வி, சற்று மென்று பார்ப்பதுபோல் பார்த்து, மறுபடியும் இலையில் துப்பி ஒட்டும். விலை கொடுத்து வாங்கிய ஜோடியில் இதைப் பார்த்தவர்கள் இருக்கலாம். நான் வளர்த்துப் பார்த்தேன், அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் சில முறை இட்ட முட்டைகளை அவை தின்றுவிட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன். இளம் ஜோடிகள் அப்படித்தான், அதற்காகப் பிரிக்காதீர்கள்.

ஜோடி சேர்ந்ததும் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். தனித் தொட்டி என்றதும் அதற்கு மரத்தாங்கி செய்து தந்த தச்சர் நினைவுக்கு வருகிறார். தொட்டியை வைத்துத் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் விரற்கடை ஏறி நிற்கிறது. கண்ணாடித் தொட்டிக்கு அடித்தளம் சமமாக இல்லாவிட்டால் ஒட்டிய இடம் விட்டுப்போகும் என்று எத்தனை முறை சொல்லியும், தரைதான் கோணல் என்றார். தரையில் மட்டப்பலகை வைத்துக் காட்டினேன். மட்டப்பலகை கோணல் என்றார். பேசிய பணத்தில் ஒரு காசு குறைக்கவில்லை. சரி, மீனுக்கு வருகிறேன்.

நான் சொன்னதெல்லாம் ஜோடி சேர்ந்து வாழும் ஏஞ்சல், டிஸ்கஸ், கான்விக்ட், கிரிபென்சிஸ் போன்றவற்றுக்கு. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த சிக்லிட்களுக்கு ஜோடி என்ற பேச்சே கிடையாது. ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் வேண்டும். இல்லாவிட்டால் ஆண் ஒரே பெண்ணைத் துரத்தித் துரத்திக் கொன்றுவிடும். பெண் முட்டைகளை ஏறத்தாழ மூன்று வாரம் வாய்க்குள் அடைகாக்கும், அந்தக் காலத்தில் அநேகமாகப் பட்டினிதான். ஆகவே அங்கே ஆணின் நிறத்தைவிடப் பெண்ணின் உடற்கட்டு முக்கியம். பெண்ணோ மங்கலாக இருப்பதால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதில் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. பீகாக் என்ற மலாவி சிக்லிட்டின் குஞ்சுகள் விரல் நீளம்கூட வளராத வயதில், தொட்டி முழுவதும் ஒன்றுபோல் ஜொலித்தால், ஒரு மங்கல் மீன்கூட இல்லையென்றால், ஹார்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். அவற்றில் பெண்களும் ஆண் நிறம் பூண்டிருக்கும். இனப்பெருக்கத்துக்கு அவற்றை நம்ப முடியாது. இரண்டாவது, கலப்பினம். எலக்ட்ரிக் எல்லோ என்ற மஞ்சள் மீனும் ரெட் ஸீப்ரா என்ற இன்னொரு மலாவி மீனும் ஒரே தொட்டியில் எளிதாகக் கலந்துவிடும், குஞ்சுகள் மஞ்சளாகவே விற்கப்படும். இந்த ஏரி மீன்களில் பல இனங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவு. பெண் மீன் தன் ஆணை நிறம் பார்த்துத்தான் தேர்கிறது. விக்டோரியா ஏரியில் தண்ணீர் கலங்கிய பகுதிகளில் நிறம் தெரியாமல் இனங்களே கலந்துபோனதை 1997-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கலப்புத் தொட்டியில் பிறந்த குஞ்சைத் தாய்மீனாக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இந்த இடத்தில் ஃபிளவர்ஹார்ன் என்ற சிக்லிட்டை வளர்ப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். அது கலப்பினம் என்று தெரிந்தே வளர்க்கிறீர்கள், சொல்லியே விற்கிறீர்கள். உங்களோடு எனக்கு வழக்கில்லை. கோணல் குஞ்சுகளைக் கழிப்பது கொடுமை என்பவர்களும் வருவார்கள். கழித்தவற்றைத் தனியாக வைத்து வளர்க்க எனக்கும் தடையில்லை, இடம்தான் இல்லை. தாய்மீனாக மட்டும் அவற்றைக் கைமாற்றாதீர்கள் என்பதே என் கட்சி.

விற்பவரிடம் வெப்பநிலையைக் கேளுங்கள். அபிஸ்டோகிராமா என்ற குட்டை சிக்லிட்டின் குஞ்சுகள் சூடான தண்ணீரில் வளர்ந்தால் ஆண்கள் கூடிவிடும். எல்லாம் ஆணாக வந்தால் அது உங்கள் தலைவிதி அல்ல. தண்ணீரின் கடினத்தன்மையையும், அதாவது அதில் எவ்வளவு தாது உப்பு கரைந்திருக்கிறது என்பதையும், கேளுங்கள். டிஸ்கஸும் ராம் என்ற குட்டை சிக்லிட்டும் கடின நீரில் நன்றாகவே வாழும், முட்டைகள் கருவுறுவதுதான் குறையும். டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் நாட்களில் பெற்றோரின் தோலில் சுரக்கும் வழுவழுப்பைத் தின்று வளர்பவை என்பதால், தோல் கறுத்து மூலையில் பதுங்கும் டிஸ்கஸை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கொண்டுவந்த மீன்களை ஒரு மாதம் தனியே வையுங்கள். வெள்ளை நூலாக மலம் கழிப்பது, நெற்றி ஒடுங்கியிருப்பது, ஒரு செவுளை மூடி மறு செவுளால் மட்டும் வேகமாக மூச்சு வாங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் பெரிய தொட்டிப் பக்கம் போகக்கூடாது. மாத முடிவில் உங்கள் பழைய மீன்களில் ஒன்றைப் புதியவற்றோடு விடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் அது வழக்கம்போல் தின்று திரிந்தால் சேர்த்துவிடலாம்.