ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவே

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

வாப்பா இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார். 67 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை. "அல்லாஹ் அழைத்திருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்" என்று இன்சுலினை எடுத்துப்போக மறுக்கிறார். பேசினால் எனக்கு ஈமான், இறைநம்பிக்கை, குறைவு என்கிறார். தவக்குல், அதாவது அல்லாஹ்வை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது, என்பது இதுதானா? அப்புறம், கூடப் போகும் தம்பி கஅபா முன்னால் செல்ஃபி எடுப்பேன் என்கிறான். அது சரியா?
எஸ்.

அன்புத் தங்கச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

செல்ஃபியை விடு. அங்கே போய் நின்ற பிறகு அவனே முடிவு செய்யட்டும்.

வாப்பா மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. யமனிலிருந்து சிலர் கட்டுச்சோறுகூட இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்தார்கள். "நாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள்" என்றார்கள். மக்காவில் வந்து மக்களிடம் கையேந்தினார்கள். அதை ஒட்டித்தான் "வழிக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வசனம் இறங்கியது என்று புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. குர்ஆனில் அல்பகறா அத்தியாயம், 197. வாப்பாவுக்கு வாசித்துக் காட்டு. அதிலேயே "தக்வாதான் (இறையச்சம்தான்) மிகச் சிறந்தது" என்றும் வருகிறது. அவர் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார். நீ முதல் பாதியை விடாதே. ஈமான் குறைவு என்றதும் வாயை மூடிக்கொண்டாயே, அது உன் தப்பு.

இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரை நினைத்துப் பார். பேரீச்சம்பழப் பை ஒன்று, தண்ணீர்த் தோல்பை ஒன்று, பால்குடிப் பிள்ளை. ஆளில்லாத பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு இப்ராஹீம் நபி நடக்கிறார். ஹாஜர் பின்னாலேயே போய், "அல்லாஹ்வா இப்படிச் செய்யச் சொன்னான்?" என்று கேட்கிறார். ஆம் என்றதும், "அப்படியானால் அவன் எங்களைக் கைவிட மாட்டான்" என்று திரும்பிவிடுகிறார். சரணடைவதென்றால் அதுதான். ஆனால் தண்ணீர் தீர்ந்ததும் அந்தத் தாய் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாரா? ஓடினார். ஸஃபா குன்றில் ஏறிப் பார்த்தார், மர்வா குன்றில் ஏறிப் பார்த்தார், மறுபடியும் ஓடினார். ஸம்ஸம் ஊற்று வந்தது அந்தக் குன்றுகளில் இல்லை, பிள்ளை கிடந்த இடத்தில். அதற்காக அவர் ஓடியது வீண் என்று யாராவது சொன்னோமா? உலகத்து ஹாஜிகள் எல்லோரையும் அல்லாஹ் அந்த ஓட்டத்தைத்தானே நடக்க வைக்கிறான்!

என் உம்மாவோடு நான் ஸஃயு, அதாவது அந்த இரண்டு குன்றுகளுக்கும் நடுவே ஏழு நடை, செய்தது நினைவுக்கு வருகிறது. ஏழு நடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். நாலாவது நடையில் உம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னும் மூணுதான் உம்மா" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "நமக்கு ஏழுன்னு தெரியும். அந்தப் புள்ளைக்கு ஏழோட முடியும்னு யாரு சொன்னது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பயான் கேட்டும் எனக்கு அது தோன்றியதில்லை. எண்ணிக்கை தெரியாமல் ஓடியிருக்கிறார் ஹாஜர்.

உம்மா சுருக்குப்பையை அவிழ்த்து வலி மாத்திரையை எடுத்தார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி, ஸம்ஸம் தண்ணீரில் விழுங்கினார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது நடைக்கு எழுந்தார்கள்.