கட்டணமில்லாத கச்சேரிக்கு நம்பிப் போகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், புளூமிங்டன் என்னும் ஊரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். இங்குள்ள பல்கலைக்கழக இசைப்பள்ளியில் அநேகமாக நாள்தோறும் கச்சேரி உண்டு என்றும், பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமே இல்லை என்றும் மகள் சொல்கிறாள். பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் போகலாமா? காசு வாங்காமல் நடத்துகிறார்கள் என்றால் தரம் எப்படி இருக்குமோ என்று என் கணவர் தயங்குகிறார்.
— ஒரு வாசகி, கும்பகோணம் (தற்போது புளூமிங்டன்)

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் மகள் குறிப்பிடுவது இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப்பள்ளி. 1921இல் தனிப் பள்ளியாக உருவாகி, 2005 முதல் ஜேக்கப்ஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கும் அதில் ஏறத்தாழ 1,600 மாணவர்கள் படிக்கிறார்கள். ஓராண்டில் அங்கே நடக்கும் நிகழ்ச்சிகள் 1,100க்கும் மேல். ஆப்பராவுக்கும் பாலே நடனத்துக்கும் சீட்டு வாங்க வேண்டும். மாணவர்கள் தனித்தும் சிறு குழுவாகவும் வாசிக்கும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆசிரியர்களின் கச்சேரிகள் பலவற்றுக்கும் அப்படியே.

உங்கள் கணவரின் தயக்கம் இயல்பானதுதான். ஆனால் கட்டணம் இல்லாததற்குக் காரணம் வேறு. வாத்தியம் வாசிப்பதில் பட்டம் பெற விரும்பும் மாணவர், ஆசிரியர்கள் முன்னிலையில் மட்டும் வாசித்துக் காட்டினால் போதாது. ஊரார் வந்து கேட்கும்படி மேடையேறி முழுக் கச்சேரி செய்தாக வேண்டும். ஒரு சிலர் மட்டும் சிறு குழுவாக வாசிக்கும் சேம்பர் இசையும் பாடத்தின் ஒரு பகுதி. மூவரோ நால்வரோ ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒரு படைப்பை வாரக்கணக்கில் ஆசிரியரிடம் வாசித்துத் திருத்திக்கொண்டு, பருவத்தின் முடிவில் அரங்குக்குக் கொண்டுவருகிறார்கள். ஆகவே அந்த மேடை அவர்களுக்கு வகுப்பறையின் கடைசிப் படி. அந்தப் படியில் ஏற, முன்பின் அறியாத முகங்கள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் இருவரும் போய் உட்காருவது அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே உதவி என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

தரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பிறந்து, 1939இல் நாஜிகளிடமிருந்து தப்பிய மெனாஹெம் பிரெஸ்லர் என்ற பியானோ மேதை 1955இல் இந்தப் பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். அதே ஆண்டில் அவர் தொடங்கிய போஸார்ட்ஸ் டிரையோ என்ற மூவர் குழு, வயலினுக்கும் செல்லோவுக்கும் ஆட்கள் மாறி மாறி வந்தபோதும், பியானோவில் அவர் ஒருவரே நிலைத்திருக்க, 2008 வரை உலகெங்கும் வாசித்தது. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் அவர் மேடையில் இருந்தார்; 2023இல் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில் மறைந்தார். ஹங்கேரியில் பிறந்த செல்லோ மேதை யானோஷ் ஸ்டார்கர் 1958இல் வந்து, 2013இல் மறையும் வரை அந்த ஊரிலேயே வாழ்ந்தார். 2012 முதல் பசிஃபிகா குவார்ட்டெட் என்ற நால்வர் குழு பள்ளியிலேயே நிலையாக இருந்து சேம்பர் இசை கற்பித்துவருகிறது. இத்தகையவர்களின் கையால் திருத்தப்பட்ட பிள்ளைகளின் வாசிப்பைத்தான் நீங்கள் கேட்கப்போகிறீர்கள்.

சைமன் மையக் கட்டடத்தில் ஆவர் அரங்கம், ஃபோர்டு-கிராஃபர்டு அரங்கம் என்று இரண்டு இருக்கின்றன. இவற்றில் சிறியதான ஃபோர்டு-கிராஃபர்டில் ஏதேனும் சேம்பர் நிகழ்ச்சி இருந்தால் அதற்கு முதலில் போங்கள்; முன்வரிசையில் உட்காருங்கள். சேம்பர் என்றால் அறை; செல்வர்களின் கூடத்திலும் நண்பர்களின் வீட்டிலும் வாசிப்பதற்கென்று எழுதப்பட்ட இசை இது, அருகில் இருந்தால்தான் அதன் முழு உருவம் தெரியும். இத்தகைய ஒரு சிறிய அரங்கில் இரண்டாம் வரிசையில் நான் உட்கார்ந்திருந்த ஒரு மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. செல்லோ வாசிக்கும் பெண் வாத்தியத்தின் அடிமுள்ளைத் தரையில் ஊன்றி, அது நழுவுகிறதா என்று இருமுறை அழுத்திப் பார்த்தாள். நால்வரும் வில்லைத் தந்திக்கு மேலே உயர்த்தி நிறுத்தினார்கள். தாளம் எண்ணிக் கொடுக்க எதிரே நடத்துநர் இல்லை. முதல் வயலின்காரர் மூக்கால் சற்று ஆழமாக மூச்சை இழுத்தார், அந்த மூச்சு முடிந்த இடத்தில் நான்கு வில்லும் ஒரே கணத்தில் தந்தியில் இறங்கின. அந்த மூச்சொலியை இருபதாம் வரிசையில் இருந்தவர் கேட்டிருக்க வழியில்லை.

கேள்வி: மேற்கத்திய இசைக் கச்சேரியில் எங்கே கைதட்ட வேண்டும் என்று தெரியாமல் தட்டிவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முறை என்ன?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: நுழையும்போது கொடுக்கும் நிகழ்ச்சித் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு படைப்பின் பெயருக்கும் கீழே அதன் பகுதிகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். நான்கு பகுதிகள் என்றால் நடுவே மூன்று முறை இசை நிற்கும். அப்போது தட்டாமல் இருப்பது அங்குள்ள வழக்கம். நான்காவதும் முடிந்து, வில்லைக் கீழே இறக்கி, வாசிப்பவர்கள் முகத்தில் இறுக்கம் தளர்ந்த பிறகு மனம் நிறையத் தட்டுங்கள். கணக்குத் தவறினால் பக்கத்தில் இருப்பவர் தட்டும் வரை காத்திருந்தால் போதும். நம் சபாக்களில் நல்ல சங்கதி விழுந்த இடத்திலேயே 'பலே' சொல்லியும், தொடையில் தாளம் போட்டும் பழகியவர்களுக்கு இந்த அடக்கம் முதலில் கடினமாகத்தான் இருக்கும். ஒலிபெருக்கி இல்லாத சிறிய அரங்கில் தொடையில் தட்டும் ஓசையும் பையைத் திறக்கும் ஓசையும் மேடை வரை போகும் என்பதே காரணம். தாமதமாகப் போனால் ஒரு படைப்பு முடியும் வரை வெளியே காத்திருந்து உள்ளே செல்லுங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகக் கர்நாடக இசை மட்டுமே கேட்டுவருகிறேன். சேம்பர் கச்சேரிக்கு ஒருமுறை போனேன். எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது என்றே தெரியவில்லை. ராகமும் இல்லை, தம்புராவும் இல்லை. எப்படித் தொடங்குவது?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் திகைப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. நம் கச்சேரியில் பாடுபவரின் ஒரே இழையை எல்லோரும் பின்தொடர்கிறார்கள். வயலின் அதே வழியில் நிழல்போல வருகிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் நம்மிடம் வந்து சேர்ந்த அதே வயலின், இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று அமையும் நால்வர் குழுவிலோ தனக்கென ஒரு வழியில் செல்கிறது. நான்கு இழைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நான்கையும் சேர்த்துப் பிடிக்க முயன்றதால்தான் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வாத்தியத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். என் பரிந்துரை, நடுவே இருக்கும் வயோலா. அது எப்போது அடியில் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது, எப்போது எழுந்து முன்னால் வருகிறது என்று கண்ணாலும் தொடருங்கள்.

இதற்கு மிகவும் ஏற்றது, அமெரிக்கன் என்ற பெயரால் அறியப்படும் துவோர்ஷாக்கின் எஃப் மேஜர் குவார்ட்டெட் என்ற நால்வர் படைப்பு. செக் நாட்டவரான அவர் 1893ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், அயோவா மாநிலத்தில் செக் குடியேறிகள் வாழ்ந்த ஸ்பில்வில் என்ற சிற்றூரில் தங்கி, சுமார் இரண்டு வாரத்தில் இதை எழுதி முடித்தார். தொடக்கத்தில் வயலின்கள் இலை அசைவதுபோல மெல்ல அதிர, செல்லோ ஒரே ஸ்வரத்தில் நிற்கும். அதன் மேல் வயோலாதான் முதலில் பாடும். அந்த மெட்டு நிற்கும் ஐந்து ஸ்வரங்கள் நம் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களே. மோகனத்தின் கமகத்தையோ பிடிகளையோ அங்கே தேடக் கூடாது, கிடைக்கவும் கிடைக்காது. ஆனால் அந்நிய வீட்டில் தெரிந்த முகம் ஒன்று கதவைத் திறந்தால் எவ்வளவு ஆறுதலோ, அவ்வளவு ஆறுதல் நாற்பது ஆண்டுக் காதுக்கு அந்தச் சில நொடிகளில் கிடைக்கும்.

பிறகு மோட்சார்ட்டின் கிளாரினெட் ஐவர் படைப்பைக் கேளுங்கள். காற்று வாத்தியத்தின் குரல் தனியாகத் தெரிவதால் பின்தொடர்வது எளிது. ஷூபர்ட்டின் சி மேஜர் ஐவர் படைப்பைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். 1828இல், தம் முப்பத்தொன்றாம் வயதில் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் எழுதியது. இரண்டு செல்லோ கொண்டது. அதன் இரண்டாம் பகுதியில் நடுவிலுள்ள மூவரும் நீண்ட ஸ்வரங்களை இழுத்தபடி அசையாமல் நிற்க, கீழே இரண்டாம் செல்லோ வில்லை விட்டு விரலால் மீட்டும். மேலே முதல் வயலின் விட்டு விட்டுச் சிறு சிறு சொற்களாகப் பேசும். விளம்பக் காலத்துக்குப் பழகிய உங்களைவிட அந்த நிதானத்தை நன்றாக அனுபவிக்கக்கூடியவர்கள் குறைவு.

கேள்வி: மதுரையில் இருந்துகொண்டு இவற்றைக் கேட்க வழி உண்டா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்டு. ஜேக்கப்ஸ் பள்ளி, ஐயூ மியூசிக் லைவ் என்ற பெயரில் தன் அரங்க நிகழ்ச்சிகள் பலவற்றை இணையத்தில் நேரலையாகத் தருகிறது. எல்லா மாணவர் கச்சேரியும் அதில் வராது. பள்ளியின் நிகழ்ச்சி நாட்காட்டியைப் பார்த்து எது வரும் என்று தெரிந்துகொள்ளலாம். பருவம் முடியும் ஏப்ரலிலும், நவம்பர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலும் கச்சேரிகள் நெருக்கமாக இருக்கும். அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்குவது ஏப்ரலில் உங்களுக்கு மறுநாள் காலை ஐந்தரை மணி, டிசம்பரில் ஆறரை மணி.