இட்லி ஆவியைப் படம் எடுக்கிற பிள்ளையை எங்கே சேர்ப்பது?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பிள்ளையை என்ன படிக்க வைப்பது என்று கேட்கச் சனிக்கிழமை மாட்டுங்காவில் என் அறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவளை வாய் திறக்க விடாமல் அரை மணி நேரம் நீங்களே பேசிவிட்டுப் போய்விட்டீர்கள். அவள் மேசையில் விட்டுப்போன போட்டோ உறையை அப்புறம்தான் பிரித்தேன்.

"கலர் வந்து எத்தனை வருஷமாச்சு, இது எதுக்கு எழவு வீட்டுப் படம் மாதிரி கறுப்பு வெள்ளையிலே எடுத்துக்கிட்டு அலையுது? இதுக்கு வேலை இருக்கா?" என்று கேட்டீர்கள். கறுப்பு வெள்ளைக்கென்று தனியாக வேலை கிடையாது. கல்யாண வீட்டில் கலர்தான் கேட்பார்கள், ஆன்லைனில் சேலை விற்கிறவரும் கலர்தான் கேட்பார். ஆனால் அந்த வேலைகளுக்கு வேண்டிய கண் இதில்தான் பழகும்.

உறையில் 22 படம். இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இரண்டிலும் தாராவியில் உங்கள் வீட்டு அடுப்படி, விடியற்காலம், நீங்கள் இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்குகிறீர்கள். முதல் படத்தில் ஆவி வெறும் பஞ்சு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. பின்னால் கரி படிந்த சுவர். காட்சி இருட்டாக இருக்கிறது என்று கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதில் வெள்ளையெல்லாம் கரைந்துபோகும். இரண்டாவதில் இவள் வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறாள், டியூப் லைட் ஆவிக்குப் பின்னால் வருகிற மாதிரி இடம் மாறி நின்றிருக்கிறாள். ஆவி இழை இழையாகப் பிரிந்து தெரிகிறது. வெறும் இட்லியை நெருங்கி எடுத்தால் கதை தலைகீழ். கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லையாம். அடுப்படியில் ஒரு சிவப்பு பக்கெட் இருக்குமே, கலரில் எடுத்திருந்தால் கண் அதில்தான் போய் விழுந்திருக்கும்.

கெமிஸ்ட்ரியில் மார்க் குறைந்ததற்கு போட்டோ காரணம் என்கிறீர்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்திலேயே இது வருகிறது, அண்ணாச்சி. கழுவிய பிலிமில் மிஞ்சி நிற்கும் சில்வர் புரோமைடை ஹைப்போ என்ற ரசாயனம் கரைத்து எடுக்கிற சங்கதி. கழுவுவதை ஒருமுறை கண்ணால் பார்த்தால் அந்தப் பாடம் மறக்காது. ஆனால் மும்பை மே மாதத்துக் குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது. படத்தைத் தெரியவைக்கிற டெவலப்பர் திரவம் 20 டிகிரியில் இருந்தால் நல்லது, ஐஸ் தேட வேண்டிவரும்.

இனி படிப்பு. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஜே.ஜே. கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே அப்ளைடு ஆர்ட், அதாவது விளம்பரம் மாதிரி வேலைகளுக்கான கலைப் படிப்பு, நான்கு வருடப் பட்டம், அதற்குள் போட்டோகிராபியும் உண்டு. நுழைவுத் தேர்வில் படம் வரையச் சொல்வார்கள், இப்போதே பென்சிலைப் பிடிக்கட்டும். சுதந்திரம் வந்த காலத்து டெல்லியைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த ஹோமாய் வியாரவாலா ஜே.ஜே.யில் படித்தவர்தான். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில் அச்சாகின. 2011-ல் பத்ம விபூஷண் வந்தது அவர் பெயருக்கே. பெரிய பேர்களைச் சொன்னால் பெற்றோர் கொட்டாவி விடுவார்கள் என்று தெரியும், இவரை மட்டும் உங்கள் மகளுக்காகச் சொன்னேன்.

ஜே.ஜே. கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பட்டம் முடிக்கட்டும், பி.எஸ்ஸி. ஆனாலும் சரி. காந்திநகரில் என்.ஐ.டி. என்கிற தேசிய டிசைன் கல்லூரியில் போட்டோகிராபி டிசைன், டெல்லி ஜாமியாவில் ஸ்டில் போட்டோகிராபி டிப்ளமோ, புனே பிலிம் இன்ஸ்டிடியூட்டில் ஒளிப்பதிவு, மூன்றும் பட்டத்துக்குப் பிறகுதான். "நூறு சதவீதம் வேலை" என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் கேட்கிற இடம் மட்டும் வேண்டாம். அப்படி ஒரு இடத்துக்கு என் அக்கா மகனை நானே அனுப்பினேன். கடைசியில் கையில் வந்தது ஒரு சர்டிபிகேட்டும் ஒரு டி-ஷர்ட்டும்.

சம்பாத்தியம் முதல் சில வருடம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். முகூர்த்த மாதத்தில் தூங்க நேரம் இருக்காது, மழைக்காலத்தில் போன் அடிக்காது. வியாபாரம் பண்ணுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புது கேமரா இப்போது வாங்க வேண்டாம். இருக்கிற கேமராவும், செல்போனில் மோனோகுரோம் என்கிற கறுப்பு வெள்ளையும் போதும். ஆசைப்பட்டால் ஒரு பழைய பிலிம் கேமரா, மாதம் ஒரு ரோல். ரோலுக்கு 36 படம்தான் என்பதால் கை தானாக நிதானிக்கும். ஒரு காலத்தில் நம்ம ஊட்டியிலேயே, இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில், 'இந்து' என்ற பெயரில் பிலிம் செய்தார்கள். அது மூடியாச்சு, இப்போது வெளிநாட்டு ரோல்தான், விலையும் அப்படி.

பன்னிரண்டாம் வகுப்பு எச்.எஸ்.சி. பரீட்சை வரை கேமராவைப் பூட்டி வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மட்டும் சாவியைக் கொடுங்கள். அடுத்த ஒரு வருடம் உங்கள் அடுப்படியையும், நீங்கள் சைக்கிளில் இட்லி கொண்டுபோகிற தெருக்களையும் மட்டும் எடுக்கட்டும். நேர்முகத்தில் இருபது சூரியாஸ்தமனத்தை நீட்டுகிற பிள்ளையைவிட, ஒரே விஷயத்தை இருபது படத்தில் காட்டுகிறவளைத்தான் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அந்த இரண்டாவது படம் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் முகம் அதில் இல்லை. துணியால் மூடியைப் பிடித்த கை மட்டும், புறங்கையில் பழைய சூட்டுத் தழும்போடு. வருகிற சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இந்தத் தடவை அவள் பேசட்டும்.