டிராஃப்ட் இரவில் ரசிகர்கள் போடும் மார்க்கை நம்பலாமா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றி வந்த கேள்வி இது: "என்பிஏ டிராஃப்ட் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ரசிகர்கள் தங்கள் அணிக்கு ஏ, பி, எஃப் என்று கிரேடு போட்டுவிடுகிறார்களே, அதில் எந்த அளவுக்கு உண்மை இருக்கும்?"

எங்கள் வீட்டில் ஒரு பேப்பர் தட்டு இருக்கிறது. 2018 ஜூன் 21 இரவு சமோசா வைத்துச் சாப்பிட்ட தட்டு. பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் "பி மைனஸ்" என்று எழுதி, கீழே என் கையெழுத்து. எங்கள் அணியான டல்லாஸ் மேவரிக்ஸ் லூக்கா டோன்சிச்சைக் கொண்டுவந்த டிரேடுக்கு, அதாவது அணிகளுக்கு இடையிலான மாற்றலுக்கு, நான் போட்ட மார்க் அது. தூக்கிப் போடலாம் என்றால் நண்பர்கள் விடுவதில்லை. ஆகவே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

டிராஃப்ட் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஐபிஎல் ஏலம் மாதிரி இங்கே பணம் கூவுவது கிடையாது, எல்லாம் வரிசைதான். பிளே ஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கு லாட்டரி. அதிகம் தோற்ற அணிக்கு முதலிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தன் முறை வந்ததும் கல்லூரியிலிருந்தோ வெளிநாட்டுக் கிளப்பிலிருந்தோ ஒரு பையனை எடுக்கலாம். அல்லது அந்த இடத்தையே இன்னொரு அணியோடு மாற்றிக்கொள்ளலாம், வரப்போகும் வருடங்களின் பிக்குகளையும், அதாவது ஆள் எடுக்கும் உரிமைகளையும், கூடச் சேர்த்து. ரசிகனுக்கு வயிற்றெரிச்சல் வருவது பெரும்பாலும் இந்த மாற்றல்களில்தான்.

நான் டல்லாஸ் பக்கத்தில் இர்விங்கில் இருக்கிறேன். அந்த வருடம் மேவரிக்ஸ் 24 வென்று 58 தோற்றிருந்தது. அட்லாண்டா ஹாக்ஸுக்கும் அச்சாக அதே கணக்கு. ஆனால் லாட்டரியில் அவர்களுக்கு மூன்றாம் இடம், எங்களுக்கு ஐந்தாம் இடம். ஐந்து பேர் என் வீட்டில் கூடியிருந்தோம். முதலில் ஃபீனிக்ஸ் டிஆண்ட்ரே ஏட்டனை எடுத்தது, அடுத்து சாக்ரமென்டோ மார்வின் பேக்லியை. மூன்றாவதாக அட்லாண்டா லூக்கா பெயரைச் சொல்லியது. அதற்குள் போனில் செய்தி வந்துவிட்டது: லூக்கா டல்லாஸுக்கு, டல்லாஸ் ஐந்தாவதாக எடுக்கும் டிரே யங் அட்லாண்டாவுக்கு, கூடவே 2019 முதல் சுற்று பிக்கும் அட்லாண்டாவுக்கு. நாங்கள் குதித்த குதியில் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். டிவியில் லூக்கா அட்லாண்டா தொப்பியோடு லீக் கமிஷனரிடம் கை குலுக்கிக்கொண்டிருந்தார். "அவன் தலையில வேற ஊர் தொப்பி இருக்கு, நீங்க எதுக்குங்க குதிக்கிறீங்க?" நியாயமான கேள்வி. டிரேடுக்கு லீக் முத்திரை விழும் வரை, எடுத்த அணியின் தொப்பியைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரத்தில் டிரே யங் டல்லாஸ் தொப்பியோடு வந்து நின்றார். அந்த இரண்டு படங்களையும் இன்றைக்கும் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம் வழக்கம்போல் தட்டைத் திருப்பி மார்க். நால்வரும் ஏ, ஏ பிளஸ். நான் மட்டும் பி மைனஸ். என் வாதம் இதுதான்: இரண்டு இடம் மேலே போக ஒரு முழு முதல் சுற்று பிக்கா? டல்லாஸ் மறுபடி மோசமாக ஆடினால் அட்லாண்டாவுக்கு நல்ல இடம் போய்விடுமே. (முதல் ஐந்துக்குள் விழுந்தால் கொடுக்க வேண்டாம் என்று ஒரு காப்பு வைத்திருந்தார்கள். அது எனக்குப் போதவில்லை.) பையன் 19 வயதில் ரியல் மாட்ரிட்டோடு ஐரோப்பியக் கிளப்புகளின் யூரோலீக் கோப்பையை வென்று, அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதையும் வாங்கியவன் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் "கால் வேகம் பத்தாது" என்று நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு நானும் தலையாட்டியிருந்தேன்.

அந்த 2019 பிக் பத்தாவது இடத்தில் விழுந்தது. அட்லாண்டா கேம் ரெடிஷை எடுத்தது. இரண்டரை வருடத்தில் அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது. லூக்கா அந்த ஆண்டின் சிறந்த ரூக்கி, அதாவது சிறந்த புதுமுகம். தட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

சரி, நான் ஒருவன் கோட்டை விட்டதை வைத்து எல்லா ரசிகர்களையும் சொல்ல முடியாது. ஆனால் டல்லாஸின் பழைய கதை ஒன்று இருக்கிறது. என் பழைய அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பிறந்ததிலிருந்தே டல்லாஸ்காரர். 1998 டிராஃப்ட் இரவில் கோபத்தில் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனதாகச் சொல்வார். அன்று டல்லாஸ் ஆறாவதாக ராபர்ட் டிரெய்லரை எடுத்தது. மிச்சிகன் கல்லூரியில் பெயர் வாங்கிய ஆஜானுபாகு. எடுத்த கையோடு அவரை மில்வாக்கிக்குக் கொடுத்து, ஒன்பதாவது இடத்தில் வந்த ஒரு ஜெர்மன் பையனையும் பத்தொன்பதாவதாக வந்த பாட் கேரிட்டியையும் வாங்கியது. அதே இரவு கேரிட்டியை வைத்து, ஒரு முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்து, ஃபீனிக்ஸில் மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்திருந்த ஸ்டீவ் நாஷை வாங்கியது. என் நண்பருக்குத் தெரிந்தவரை, ஊரே அறிந்த ஒருவரைக் கொடுத்துவிட்டு யாரும் அறியாத இருவரை வாங்கியிருக்கிறார்கள். போதாததற்கு, அவர் ஆசைப்பட்ட பால் பியர்ஸ் பத்தாவதாக பாஸ்டனுக்குப் போய்விட்டார்.

அந்த ஜெர்மன் பையன் டிர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் வூர்ட்ஸ்பர்க்குக்கு ஆடியவர். அந்த மார்ச்சில் சான் ஆன்டோனியோவில் நடந்த ஒரு இளைஞர் ஆட்டத்தில் 33 புள்ளி எடுத்திருந்தார். அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? யூடியூப் இல்லாத காலம். முதல் சீசனில் ஆட்டத்துக்கு 8.2 புள்ளிதான். அணி 19 வென்று 31 தோற்றது. நாஷையோ சொந்த மைதானத்திலேயே ஊளையிட்டார்கள். "பார்த்தாயா, அன்றைக்கே சொன்னேன்" என்று சொல்ல என் நண்பருக்கு ஒரு முழு வருடம் கிடைத்தது. அதற்கு அப்புறம் நடந்தது தெரிந்ததே: டிர்க் 21 சீசன், ஒரே அணி, 2011 கோப்பை. நாஷ் இரண்டு முறை லீக்கின் எம்விபி (சீசனின் சிறந்த வீரர்), அதுவும் திரும்ப ஃபீனிக்ஸுக்கே போன பிறகு. டிரெய்லர் நன்றாக வரவில்லை. 2011 மே மாதம், டிர்க் கோப்பையைத் தூக்குவதற்கு ஒரு மாதம் முன், 34 வயதில் இறந்துபோனார். ஃபீனிக்ஸுக்குக் கொடுத்த அந்த பிக்கை வைத்து அடுத்த வருடம் அவர்கள் ஷான் மேரியனை எடுத்தார்கள். அந்த மேரியனே பின்னால் டல்லாஸுக்கு வந்து 2011 அணியில் ஆடினார் என்பதைச் சொல்லும்போது மட்டும் என் நண்பருக்கு முகம் மலரும்.

டிராஃப்ட் இரவில் ரசிகன் மார்க் போடுவது பெயருக்கு என்பதை இவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பெயர் வந்தால் கைதட்டல், வாயில் நுழையாத பெயர் வந்தால் ஊளை. 2015ல் நியூயார்க் நிக்ஸ் நான்காவதாக லாட்வியாவின் கிறிஸ்டாப்ஸ் பொர்ஜிங்கிஸை எடுத்தபோது அரங்கமே ஊளையிட்டது. நிக்ஸ் உடை போட்ட ஒரு சிறுவன் அழுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 2016ல் பாஸ்டன் மூன்றாவதாக ஜேலன் பிரவுனை எடுத்ததை உரிமையாளர் தம் மைதானத்தில் கூடியிருந்த ரசிகர்களிடம் அறிவித்தபோதும் அதே ஊளை.

இதற்கு நேர்மாறான இரவு 2013 ஜூன் 27. புரூக்ளின் நெட்ஸ், பாஸ்டனிடமிருந்து கெவின் கார்னெட்டையும் அதே பால் பியர்ஸையும் வாங்கியது. டிராஃப்ட் நடந்ததும் புரூக்ளினில், நெட்ஸின் சொந்த அரங்கத்தில். எவ்வளவு பெரிய பெயர்கள்! வயது 37, 35 என்பதும் எல்லாருக்கும் தெரியும். விலையைப் பாருங்கள்: 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகள், 2017ல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. ஏன் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்? அடுத்தடுத்த இரண்டு வருட முதல் பிக்குகளைக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்டின் முதலாளி டெட் ஸ்டெப்பியன் பிக்குகளை வாரி இறைத்த கூத்துக்குப் பிறகு வந்த விதி, அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நெட்ஸ் அந்த விதி விட்டுவைத்த அத்தனையையும் கொடுத்துவிட்டது. பெயரை மறைத்துவிட்டு விலையை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கே பயம் வந்திருக்க வேண்டும். அந்த 2016 பிக்தான் ஜேலன் பிரவுன். 2017ல் மாறிக் கிடைத்தது முதலிடம். அதை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து மூன்றாவது இடத்தையும் இன்னொரு பிக்கையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தார்கள்.

"அப்படியானால் விலையைப் பார்த்து மார்க் போடலாமே" என்பீர்கள். விலை பார்த்தவன்தான் பி மைனஸ் போட்டேன்! வந்தவர் லூக்கா மாதிரி ஆளாக இருந்தால் விலையெல்லாம் தூசு. சாதாரண ஆட்டக்காரர் வந்தால் விலை கழுத்தை நெரிக்கும். யார் வந்திருக்கிறார் என்பது அன்று இரவு யாருக்கும் தெரியாது, எடுத்தவர்கள் உட்பட. ஃபீனிக்ஸைப் பாருங்கள்: லூக்காவும் ஆடிய ஸ்லோவேனியா அணியை 2017ல் ஐரோப்பியச் சாம்பியன் ஆக்கிய பயிற்சியாளர் இகோர் கோகோஷ்கோவ்தான் அப்போது அவர்களுடைய புதிய பயிற்சியாளர். வீட்டுக்குள்ளேயே சாட்சி வைத்துக்கொண்டு ஏட்டனை எடுத்தார்கள்.

இன்னொன்று. அந்த 2018 இரவில் எங்கள் ஐந்து தட்டிலும் இல்லாத பெயர் ஜேலன் பிரன்சன். இரண்டாம் சுற்று, 33வது இடம், டல்லாஸ்தான் எடுத்தது. அந்த நேரத்தில் நாங்கள் பிரியாணியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தோம். நான்கு வருட ஒப்பந்தம் முடிந்ததும் 2022ல் அவர் நியூயார்க்குக்குப் போனார், டல்லாஸுக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கு நிக்ஸே அவர் தோளில்தான் நிற்கிறது. மார்க் போட மறந்த தேர்வுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

லூக்கா டிரேடுக்கே வருடத்துக்கு ஒரு மார்க். 2021ல் டிரே யங் அட்லாண்டாவைக் கிழக்குப் பிரிவு இறுதி வரை கொண்டுபோனபோது, முதல் சுற்றிலேயே வெளியேறிய எங்களுக்குக் கேலி. 2024ல் லூக்கா எங்களை லீக் இறுதிக்கே கொண்டுபோனார். எதிரில் பாஸ்டன். முதல் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எங்களுக்கு எதிராக 20 புள்ளி போட்டவர் பொர்ஜிங்கிஸ். இடையில் எங்களிடமே மூன்று வருடம் இருந்து போனவர்! நான்குக்கு ஒன்று என்று பாஸ்டன் கோப்பையை வென்றபோது, இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஜேலன் பிரவுன். ஊளை வாங்கிய இரண்டு பேர் சேர்ந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

2025 பிப்ரவரியில் டல்லாஸ் நிர்வாகம் லூக்காவை லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆன்டனி டேவிஸை வாங்கியது. லூக்கா போன அந்த நாளிலும் டிரே யங் அட்லாண்டாவில்தான் இருந்தார். இப்போது 2018க்கு என்ன மார்க் போடுவீர்கள்? எனக்குத் தெரியவில்லை. மைதானத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசனை நீக்கச் சொல்லிக் கோஷம். மேயில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு லாட்டரியில் முதலிடம் விழுந்தது. ஜூன் 25 அன்று கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தார்கள். டிரேடு இல்லை, கொடுத்த விலை இல்லை, 18 வயதில் இதைவிடப் பெரிய பெயரும் இல்லை. குறை சொல்ல ஒன்றுமே கிடையாது.

அன்றும் என் வீட்டில்தான் கூடினோம். மார்க்கர் சுற்றி வந்தது. நான் இந்த முறை பேசாமல் ஏ பிளஸ் போட்டேன். மதுரைக்கார நண்பர் ஒருவர், பதினைந்து வருட மேவரிக்ஸ் ரசிகர், தானும் ஏ பிளஸ் எழுதினார். பிறகு தட்டை முன்பக்கம் திருப்பி, சட்னிக் கறையைத் துடைத்துவிட்டு, "நிர்வாகம்: எஃப்" என்று பெரிதாக எழுதினார். "டேய், இன்னைக்கு ஃப்ளாக்குக்குத்தான் மார்க்" என்றால், "எனக்கு அந்தப் பையன் மேல சந்தேகமே இல்லடா" என்றார். ஐந்து தட்டிலும் மனதில் இருந்ததை மறைக்காமல் எழுதியது அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது. பையனைப் பற்றி எங்கள் யாருக்கும் அன்று எதுவும் தெரியாது. எடுக்கிறவர்கள் மேல் எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை மிச்சம் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

நவம்பரில் ஹாரிசனை நீக்கிவிட்டார்கள். அன்று வாட்ஸ்அப்பில் நண்பரிடமிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. தட்டின் முன்பக்கப் படம் மட்டும் வந்தது.